முயல்காதுக் கள்ளியும் ஒரு முழ மேடும்

மச்சான்,

இன்று காலை என் வலது கட்டைவிரலில் உங்கள் முள் ஏறிவிட்டது. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து இருக்கும். பொன் நிறத்தில், பூனை மயிர் மாதிரி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற முள். பேனாவை அழுத்தும்போதெல்லாம் சுருக்கென்கிறது. இந்த முள்ளால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லையென்றால் செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதுகிற ஆளா நான்?

முதல் தடவை இது ஏறியபோது நீங்கள் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. நான் தஞ்சாவூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். அறுவடைக் கூலிப் போராட்டத்தில் உள்ளே போன நீங்கள் நாற்பது நாள் கழித்து வெளியே வந்த மறுநாள் அது. அக்கா வீட்டு வாசலில் ஒரு பால்பவுடர் டின்னில், முயல் காது போல ஒற்றை மடலோடு இந்தக் கள்ளி நின்றது. பட்டுத்துணி மாதிரி இருக்கிறதே என்று தடவிப் பார்த்தேன்.

"தடவிட்டியா? போச்சு. ஒரு வாரத்துக்குச் சோறு பிசைய முடியாது மாப்ள."

ஊசி கேட்டேன். "ஊசி பட்டா முள்ளு உள்ளயே உடையும். இரு" என்று சொல்லி, சங்கத்துப் போஸ்டர் ஒட்டக் காய்ச்சிய மைதாப் பசையை வாளியிலிருந்து வழித்து என் விரலில் அப்பினீர்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "காயுற வரைக்கும்" என்றீர்கள். காய்வதற்குள் மூன்று முறை எழப் பார்த்தேன். மூன்று முறையும் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். காய்ந்த பசையை உரித்தபோது முள்ளெல்லாம் அதோடு வந்துவிட்டது.

சிறைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை உங்களுக்கு. அங்கே விழுந்து கிடந்த மடலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தீர்கள். உங்கள் சேகரிப்பு முழுக்க இந்த லட்சணம்தான். ரணகள்ளி, வாய்தாவுக்குப் போன கோர்ட்டு வாசலில் பொறுக்கிய இலை. உருண்டைக் கள்ளி, பாதிரியார் வீட்டில் கேட்டு வாங்கியது. சோற்றுக் கற்றாழை, ரயிலடித் தோட்டத்துடையது. ஏழு டின். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆணியால் ஐந்து ஓட்டை.

"ஜெயிலுக்குப் போனா அவனவன் நாலு எழுத்துப் படிச்சிட்டு வர்றான். இவரு முள்ளு பொறுக்கிட்டு வர்றாரு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். வாசலில் கள்ளி வைத்த வீடு விளங்குமா என்று தெருவே கேட்டது. நானும் கேட்டேன். சுற்றிலும் மூன்று போகம் தண்ணீர் ஓடுகிற ஊரில் தண்ணீர் வேண்டாத செடியை ஏன் வளர்க்கிறீர்கள் என்று. அன்றைக்குத்தான் முருங்கைக் கதையைச் சொன்னீர்கள்.

கல்யாணமான வருஷம் அக்கா கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டாளாம். துளிர் விட்டதும் பண்ணைக் காரியஸ்தர் வந்து நின்றார். வீடு நீங்கள் கட்டியது. மனை பண்ணையுடையது.

"இன்னைக்கு முருங்கை வைப்பீங்க. நாளைக்கு மனை எங்களதும்பீங்க. புடுங்குடா அத."

பிடுங்கினீர்கள். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "டின்னுல வச்சுக்கலாங்களா?" என்று கேட்டீர்களாம். அவர் சிரித்துவிட்டார். "டின்னுல என்னத்த வேணா வச்சுக்க."

முதலில் மிளகாய் வைத்தீர்கள். நடவுக் காலத்தில் இரண்டு பேரும் விடிந்ததும் வயலுக்குப் போக, அது காய்ந்து செத்தது. ஆள் இல்லாவிட்டாலும் சாகக் கூடாது. காலி பண்ணு என்றால் கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். அப்படித் தேடித்தான் கள்ளிக்கு வந்தீர்கள். "ஆனா ஒண்ணு மாப்ள, சாகுறதுக்குள்ள ஒரே ஒரு செடியாவது இந்த மண்ணுல வேரு விடணும்" என்றீர்கள். நான் அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு சட்டம் வந்தது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்றார்கள். எங்கள் ஆட்சி கொடுத்தது என்று கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்களும், எங்கள் போராட்டம் வாங்கியது என்று உங்கள் செங்கொடிக்காரர்களும் ஒரே சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். இரண்டுக்கும் பசை நம் வீட்டு அடுப்பில்தான் காய்ந்தது. பட்டா கைக்கு வர மேலும் சில வருஷம் இழுத்தது. போன வருஷம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வந்தது. அப்போது நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து எட்டு மாதம். என் டேப்பை வைத்து நான்கு மூலையும் அளந்தோம். நீங்கள் முயல்காதை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். அதற்குள் அது ஏழெட்டு மடல் விட்டு டின்னைப் பிளந்துகொண்டிருந்தது.

"களிமண்ணாச்சே மாப்ள. கொள்ளிடத்து மணல் ரெண்டு மூட்டை போட்டுட்டு அடுத்த வாரம் வைப்போமா?"

"பட்டா வந்த அன்னைக்கு வைக்காம எப்ப வைக்கிறது? பயமா இருக்கா? காரியஸ்தர் வர மாட்டாரு, வைங்க. எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்."

வைத்தீர்கள். ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து வந்து பார்த்தபோது அடித்தண்டு கனிந்த வாழைப்பழம் மாதிரி கொழகொழத்திருந்தது. தொட்டதும் சாய்ந்துவிட்டது. மதகு திறந்து மூடுவது என் வேலை. தண்ணீர் எங்கே தேங்கும், எப்படி வடியும் என்று தாளில் கோடு போட்டுக் காட்டி சம்பளம் வாங்குகிறவன் நான். "நாந்தான் மச்சான் கெடுத்தேன்" என்றேன்.

திட்டுவீர்கள் என்று பார்த்தேன். "மண்ணு நம்மளதுன்னு பேப்பர்ல இருக்கு. தண்ணிக்கு யாருடா பேப்பரக் காட்டுறது?" என்றீர்கள். குரல் மட்டும் சரியில்லை. கத்தியைத் துடைத்து, அழுகல் ஏறாத உச்சி மடல் ஒன்றை வெட்டி, காயத்தில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு வைத்து, காகிதத்தில் மடித்துக் கூரை எரவாணத்தில் செருகினீர்கள். மறுநாளே டின்னில் வைத்துவிடலாமே என்றேன். "வெட்டுன காயம் காயாம மண்ணத் தொடக் கூடாது. பதினஞ்சு நாள்." பதினைந்து நாள் கழித்து அது டின்னுக்குப் போனது.

தை பிறந்ததும் மேடு போட ஆரம்பித்தோம். மதகு வேலையில் உடைந்து கிடந்த செங்கல்லைச் சைக்கிளில் கொண்டுவந்தேன். "சர்க்கார் கல்லாடா? என்னைத் திரும்ப உள்ள தள்ளாம விட மாட்ட போலருக்கு" என்றீர்கள். பாதி மேட்டில் மாசி வந்தது. மாசியோடு மஞ்சள் காமாலை வந்தது.

ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள் கண்ணைத் திறந்து, "மேடு போட்டாச்சா?" என்று கேட்டீர்கள். நான் சொன்ன பதில் இது: "அத விடுங்க மச்சான். மொதல்ல மருந்தக் குடிங்க." குடித்தீர்கள். அதற்கப்புறம் நாம் பேசவில்லை. "போடுறேன் மச்சான்" என்று சொல்ல இரண்டு வார்த்தை. அதற்குக்கூட எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

சித்திரையில் மேட்டை முடித்தேன். அடியில் கல், மேலே கொள்ளிடத்து மணல், சரியாக ஒரு முழ உயரம். டின்னிலிருந்த மடலை எடுத்து அந்தக் காய்ந்த மணலில் வைத்து, தண்ணீர் ஊற்றாமல் பஸ் ஏறினேன். ஆடிப்பெருக்கன்று அக்கா சொம்பும் கையுமாக வந்தாள். ஒரு சொட்டுகூடக் கூடாது என்று சண்டை போட்டேன். "அவர விட மோசமா இருக்கியேடா" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

இந்த ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை. கொள்ளிடக் கரையில் மணல்மூட்டை அடுக்குகிற டியூட்டி எனக்கு. ஊர்க் கரை உடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியவன், ஒரு முழ மேட்டை நினைத்துக்கொண்டு நின்றேன். கார்த்திகை பிறந்து இன்றுதான் லீவு கிடைத்தது. வந்து பார்த்தால் கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். நடுவில் உங்கள் மேடு. அதன்மேல் பழைய மடலும், அதன் உச்சியில் புதிதாக இரண்டு மடலும். அசல் முயல் காது. அடித்தண்டை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அப்போதுதான் முள் ஏறியது.

வேர் விட்டுவிட்டது மச்சான்.

"கண்ணால பாக்கத் தெரியாதா ஒனக்கு? கை வச்சே ஆகணுமா? இரு, பசை காச்சுறேன்" என்று அக்கா அடுப்படிக்குப் போனாள்.

"இருக்கட்டும்க்கா. அவசரம் ஒண்ணுமில்ல" என்றேன்.

அவசரமில்லை என்று என் வாயால் சொல்லி அவள் காதால் கேட்டதே இல்லை. கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலுக்கு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.