சிதம்பரம் ஃபோல்டர்

செவ்வாய், இரவு.

காலையிலிருந்து சிதம்பரம் கிளையில் யாருக்கும் பொது டிரைவில் ஃபைல் திறக்கவில்லை. 'அனுமதி இல்லை' என்றே வந்தது. கம்ப்யூட்டர் கோளாறு பார்ப்பது என் வேலை; கடலூர் தலைமை அலுவலகத்திலிருந்தபடி போனில் கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன், கேபிளைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். சாயங்காலம்தான் ஃபோல்டரின் அனுமதிகளைப் பார்த்தேன். அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. யாரோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு என் பெயரை மட்டும் விட்டிருந்தார்கள்.

இங்குள்ள மேனேஜரிடம் கேட்டேன்.

"நாந்தான் எடுத்தேன். இந்த மாசத்தோட அந்த பிராஞ்சை மூடுறோம். அவுங்களுக்கு இன்னும் சொல்லல. எல்லாத்தையும் இங்க காப்பி பண்ணிடு."

பண்ணினேன். பாதியில் அங்கிருந்து மலர் போன் செய்தாள்.

"அண்ணே, நான் எதுனா தப்பா அழுத்திட்டனா?"

"இல்லம்மா, இங்கதான் கோளாறு."

"சரியானதும் சொல்லுங்கண்ணே. எல்லாரும் இருந்து இன்னிக்கு வேலைய முடிச்சிட்டே போறோம்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். காத்திருக்காதீர்கள், கிளம்பிப் போங்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை.