அண்ணனைக் கேட்காமல் எடுத்த இரண்டாம் பாகம்

மோமிர்,

பண்டிகை ரொட்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன். பாதிரியார் வெட்டித் தந்ததும் வந்துவிடுவேன். மெழுகுவர்த்தி அணையாமல் பார்த்துக்கொள். முட்டைக்கோஸ் சுருட்டு சிறு தீயில் வேகிறது, கிளறாதே, பிரிந்துவிடும். வருகிறவர்களுக்கு முதலில் கோதுமை இனிப்பு ஒரு கரண்டி கொடு.

"ஜனங்களுக்கு ரசனை செத்துப்போச்சு" என்று நேற்று உன் படத்தைத் திரையிட்டதிலிருந்து சொல்கிறாய். ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் பாகத்து டிராக்டர் கஞ்சன் என் அண்ணன் ராதொயேதான் என்று ஊருக்கே தெரியும். அன்று ஒவ்வொரு காட்சியையும் அவனிடம் படித்துக் காட்டினாய். "இன்னும் கொஞ்சம் கஞ்சனாக்கு மாப்ளே" என்று அவனே எடுத்துக்கொடுத்தான்.

இந்த முறை நீ அவனைக் கேட்கவில்லை. அண்ணி தன்னை விட்டுப்போனதை நம் சமையலறையில் உன்னிடம் அழுதுகொண்டே சொன்னானே, அதைத்தான் காமெடியாக்கியிருக்கிறாய். படம் முடிந்ததும் "நல்லாயிருந்துச்சு மாப்ளே" என்று தொப்பியைத் திருகிக்கொண்டே போனான். நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய்.

வீட்டுக் காவல் புனிதரின் நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை, தானாக வந்தால்தான் விருந்தாளி. அதனால் அண்ணனை வரச்சொல்லி நான் போன் செய்ய முடியாது. மன்னிப்புக் கேட்க நீ செய்யலாம், அதை எந்த வழக்கமும் தடுக்கவில்லை.

தெசங்கா

வாசலைப் பார்த்த நாற்காலி அண்ணனுடையது. வேறு யாரையும் உட்கார வைக்காதே.

இன்னொன்று. அரங்கில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லையே என்று புலம்பினாய். சிரித்திருந்தால், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்துச் சிரித்ததாக ஆகியிருக்கும்.