மேனேஜர் கேட்ட பாஸ்வேர்டு

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம், மெக்கானிக் போய்ச் சேரும்வரை போனில் பேசி அழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்று நானே மாட்டிக்கொண்டேன். புது மேனேஜர் (நாங்கள் வைத்த பெயர் மோப்பம்) ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, அவர் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டு எங்கள் ஃபேஸ்புக்கைத் திறந்து காட்டச் சொல்கிறார். கம்பெனியைப் பற்றி யாராவது தப்பாக எழுதுகிறோமா என்று பார்க்கவேண்டுமாம்.

பில் போடும் அக்கா திறந்து காட்டிவிட்டு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "மாமியாரப் பத்தி என் தோழிக்கு எழுதினதெல்லாம் படிச்சுட்டுச் சிரிக்கிறான்டி."

நாளைக்கு நான்.

மார்ச் 5, புதன்

எனக்கென்று என்ன பெரிய ரகசியம்? பூனை வீடியோக்கள்தான். ஆனால் மெசேஜில் தங்கை இருக்கிறாளே! புருஷனை விட்டு வந்துவிடப்போவதாக எனக்கு மட்டும் எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கே தெரியாது. அதை இந்த மனுஷன் டீயை உறிஞ்சிக்கொண்டே படிப்பதா?

முடியாது என்றேன்.

"மறைக்க ஒண்ணுமில்லன்னா எதுக்கும்மா பயம்?"

"அப்ப நீங்க எதுக்கு சார் பேன்ட் போட்டுட்டு வர்றீங்க?"

வாய்! இந்த வாயை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் எப்படித்தான் சம்பளம் வாங்கினேனோ. வெளியே அக்கா சிரித்தது கேட்டது. நாளை முதல் நான் வரவேண்டாமாம்.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் சும்மா. கொஞ்சம் பயம். கொஞ்சமா?

மார்ச் 10, திங்கள்

தொழிலாளர் அலுவலகம் போனேன். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அவங்க அதக் கேக்கவே கூடாதும்மா. சட்டம் இருக்கு."

அடப்பாவி மோப்பம்!

"ஆனா நீங்க மட்டும் சொன்னா வெறும் வாய்த்தகராறும்பாங்க. வேற யாராவது வருவாங்களா?"

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவளுக்கும் வயிறு இருக்கிறதே.

மார்ச் 12, புதன்

அக்கா வந்தாள்! மெக்கானிக்குகளையும் இழுத்துக்கொண்டு. "என் மாமியார நான் திட்டுவேன். அதப் படிக்க அவன் யாரு?" என்று அதிகாரியம்மாவிடமே கத்தினாள். ஏதோ அவர்தான் படித்த மாதிரி.

மார்ச் 19, புதன்

கம்பெனி மேலிடத்திடம் அதிகாரியம்மா பேசிய பேச்சில், மறுபடி என் நாற்காலி எனக்கு. இனி யாரிடமும் கேட்கக்கூடாதென்று மோப்பத்துக்கு உத்தரவு. சுவரைப் பார்த்து "குட்மார்னிங்" என்றார். சுவர் பேசாமல் இருந்ததால் நான் பதில் சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

தங்கை பெட்டியோடு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொன்னாள். அம்மா அழுதாள், திட்டினாள், பிறகு சோறு போட்டாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றேன்.

தங்கை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.