கல்லின்மேல் வைத்த முத்திரை

1938 ஜனவரி 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் திண்டிவனத்தில் பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போய் ராஜகிரி மலைமேல் ஓடினேன். வாரம் முழுக்கக் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவன் ஓய்வு நாளில் மலை ஏறுவது தங்கை இருதயமேரிக்குப் பிடிக்கவில்லை. "ஆறு நாளு மாடு, ஏழாம் நாளு ஆடா?" என்கிறாள்.

நெற்களஞ்சியம் வரை சுகமான ஓட்டம். அதற்குமேல் படிகள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். பேசினால் மூச்சு போகும், நின்றால் கால் மரக்கும். உச்சிக்குச் சற்று முன் ஒரு பிளவு, அதன்மேல் பாலம். கீழே பார்க்காமல் தாண்டினேன். மேலே போனதும் காற்று சட்டையை உப்ப வைத்தது. ஏரிகள் வெயிலில் தகரத் துண்டுகளாய்க் கிடந்தன. தூரத்தில் வெளுத்த கோடு ஒன்றைக் காட்டி, புதுச்சேரிக் கடல் என்றார் அங்கிருந்த ஒருவர். வெறும் புகைமூட்டம். உயரத்திலிருந்து பார்த்தால் ஊர் எது, சேரி எது என்று தெரியாது என்று பாதிரியார் பிரசங்கம் செய்திருக்கிறார். அவர் ஏறிப் பார்த்ததில்லை போலும். நன்றாகத் தெரிகிறது. ஓடு போட்டது ஊர், கீற்று போட்டது சேரி.

அடிவாரத்தில் தேவசகாயம் மாமா காத்திருந்தார். அதிகாரிகளையும் பெரிய மனிதர்களையும் டோலியில் வைத்து மலைமேல் தூக்கிப் போவது அவருக்கும் கூட்டாளிகளுக்கும் தொழில். "சொமையே இல்லாம மேல போயி எறங்கறியே, உனுக்கு இன்னா கேடு?" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ். பிப்ரவரி 20, ராஜகிரி மலையோட்டம், முதல் பரிசு வெள்ளிக் கோப்பை. விழுப்புரத்துச் சங்கம் ஒன்று நடத்துகிறது.

என் மலையில், நான் இல்லாமலா?

ஜனவரி 18, செவ்வாய்

மண்டியில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ரயிலில் விழுப்புரம் போனேன். சங்கச் செயலாளர் கிருஷ்ணசாமி கோபமே வராத மனிதர். அப்படிப்பட்டவர்களோடுதான் கஷ்டம். விதியைச் சொன்னார்: உச்சியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். போய் வந்ததற்கு அடையாளம், உச்சியில் உட்கார்ந்திருக்கும் பட்டர் நெற்றியில் இடும் நாமம். பட்டரை இங்கிருந்தே அழைத்துப் போகிறார்களாம்.

"பேரு?"

"சவுரிராயன்."

பேனா நின்றது. "வேதக்காரப் பிள்ளையா? நாமம் வெச்சிக்க மாட்டியேப்பா."

"நான் வெச்சிக்கிறேன் சார். வெக்கிறதுக்கு அவரு ரெடியா?"

எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடினார். "ஓடாதேன்னு யாரு சொன்னா? எல்லாரும் போனப்புறம் பின்னாடி நீயும் ஓடு. நம்பர் மட்டும் கிடையாது."

'வராதே' என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். சிரித்த முகத்தோடு ஒரு விதியை நீட்டினால் என்ன செய்வது? நம்பர் இல்லாம ஓடறதுக்கு நான் இன்னா, தேருக்குப் பின்னாடி ஓடற நாயா? ரெண்டு காலு எனக்கும்தான கீது — இன்னா மனுசங்க இவுங்க.

விக்கிரவாண்டி வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பசித்தது.

ஜனவரி 19

இருதயமேரி: "நெத்தியில போடறதுக்கு முன்னாடியே உனுக்குப் போட்டுட்டாங்க." சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி 30, ஞாயிறு

மலையில் இன்னொருவன் ஓடிக்கொண்டிருந்தான். அப்பாதுரை, கண்டாச்சிபுரம், நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. சேர்ந்தே ஓடினோம். ஏற்றத்தில் அவனை விட்டுவிட்டுப் போனேன். இறக்கத்தில் அவன் என்னைத் தாண்டிக் குதித்துப் போனான். படி அவன் காலுக்குக் கீழே தானாக வந்து நிற்கிறது, சனியன்.

கீழே வந்ததும் தண்ணீர் கேட்டேன். சொம்பைத் தூக்கிப் பிடித்து என் உள்ளங்கையில் ஊற்றினான். அன்பாகத்தான் ஊற்றினான். சொம்பு மட்டும் கை மாறவில்லை.

நம்பர் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ இல்லாம நான் ஜெயிச்சா அது இன்னா ஜெயிப்பு?" என்றான்.

"இத விழுப்புரத்துல வந்து சொல்லேன்."

அவன் வேட்டியில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 13

மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "பட்டரும் செயலாளரும் எப்பிடி மேல போறாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். டோலியில், வேறெப்படி? "சரி, நீ போய்ப் படு" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னால் குறைந்தா போவார்?

பிப்ரவரி 20, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

காலையில் இரண்டு டோலிகள் கிளம்பின. ஒன்றில் பட்டர், ஒன்றில் செயலாளர். நடுவர் ஒரு ரிட்டையர்டு தாசில்தார், அடிவாரத்திலேயே நாற்காலியில். நான் நம்பர் இல்லாமல் ஓரமாக நின்றேன். கோட்டையின் முதல் வாசல் வருவதற்குள் டோலிகள் தரையில் இறங்கிவிட்டன.

"இன்னாய்யா, இப்பத்தானே கெளம்பினோம்?" என்றார் செயலாளர்.

"காலு வலிக்குதுங்க" என்றார் மாமா.

"எல்லாருக்குமா?"

"ஆமாங்க. சவுரிராயன் பேரு லிஸ்ட்ல இல்லன்னு கேட்டதுலேர்ந்து வலிக்குதுங்க. எழுதினா எறங்கிடும்."

கூட்டம் சிரித்தது. செயலாளர் மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். நடுவர் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார்: "எழுதிடுமய்யா, வெயில் ஏறுது. நாமம் வாணாம், சங்கத்து முத்திரை பையில இருக்கில்ல? அத எல்லாருக்கும் கையில குத்தும்."

பட்டர் டோலியை விட்டு இறங்கினார். "அப்போ நான் மேலே வரவேண்டாமே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புளியமர நிழலுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். இன்று என்னைவிட மகிழ்ந்தவர் அவர் ஒருவர்தான்.

டோலி உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமா அங்கிருந்து துண்டை வீசிக் காட்டினார். ஓடினோம். பாலம் தாண்டும்போது முன்னால் யாரும் இல்லை, பின்னால் அப்பாதுரையின் மூச்சு. மணிக்கட்டை நீட்டினேன். செயலாளர் என் கையைப் பார்த்தார். முத்திரையை மையில் ஒற்றி, மெதுவாகக் கல்லின்மேல் வைத்தார். "நீயே குத்திக்கப்பா."

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு தரம் போதவில்லை. இரண்டு தரம் குத்திக்கொண்டேன். கல்லிலேயே திருப்பி வைத்தேன். அவர் குனிவதற்குள் ஒரு குரங்கு வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஏய், ஏய், சங்கத்துச் சொத்து" என்று அவர் கத்தியது பாதி மலை வரை கேட்டது. எனக்கு அடுத்து உச்சியைத் தொட்ட அப்பாதுரை, முத்திரை இல்லாத வெறுங்கையோடு திரும்பினான். எனக்குச் சிரிப்பு, சிரித்துக்கொண்டு இறங்க முடியாது. களஞ்சியத்தருகே என்னைத் தாண்டிப் போனான். எட்டிப் பிடிக்க முடியவில்லை.

கீழே நடுவர் அவன் கையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. என் கையைப் பார்த்தார். இரண்டு. டோலி இறங்க நேரமாகும், வெயிலோ கொளுத்துகிறது. "ஏம்பா, இவன் உச்சிக்கு வந்தானா?" என்று என்னைக் கேட்டார்.

கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது. 'தெரியாதுங்க' என்றால் போதும், கோப்பை எனக்கு. ஆனால் கணக்கில் சேருங்கள் என்று கேட்டவனே நான். கணக்கைக் கெடுப்பதா?

"வந்தாருங்க. எனக்கு முன்னாடி எறங்கினாரு."

கோப்பை அப்பாதுரைக்கு. எனக்கு இரண்டாம் இடம், நம்பரோடு. அவன் கோப்பையில் தண்ணீர் மொண்டு, வாய் வைத்துக் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினான். எல்லோரும் பார்க்கத்தான் நீட்டினான். துடைக்காமல் வாங்கிக் குடித்தேன். வெள்ளி இல்லை, முலாம்.

பிப்ரவரி 23

மை இன்னும் போகவில்லை. மண்டி முதலாளி என் மணிக்கட்டைக் காட்டி, "இன்னாடா இது, காய்ச்சல் கட்டியா?" என்றார்.

1939 பிப்ரவரி 5

இந்த வருஷமும் ஓட்டம் உண்டு. டோலிக்காரர்கள் எட்டுப் பேரும் பேர் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் எங்களை யார் தூக்குவது என்று செயலாளர் கேட்டாராம். "நோட்டீசுல அத ஒண்ணும் போடலீங்களே" என்றாராம் மாமா.

பிப்ரவரி 19, ஞாயிறு

முதல் நான். அப்பாதுரை இரண்டாவது, இறக்கத்தில் என் குதிகாலை மிதிக்காத குறை. மூன்றாவது தேவசகாயம் மாமா. சுமை இல்லாமல் ஏறினால் காற்றே தூக்கிக்கொண்டு போகிறதாம். இதை முன்னமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டுகிறார்.

செயலாளர் விடியும் முன்பே நடந்து ஏறியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்து, தூணோடு தூணாக உட்கார்ந்திருந்தார். புது முத்திரையைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். நான் கல்லைப் பார்த்தேன். அவர் கல்லுக்குப் பின்னால் மதில்மேல் இருந்த குரங்கைப் பார்த்தார்.

"ஆடாதேப்பா, அது பாத்துகினே இருக்கு" என்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக் குத்தினார். குத்தி முடித்த பிறகும் குரங்கு போகும்வரை கையை விடவில்லை.

அவர் கை வியர்த்திருந்தது. என்னுடையதும்தான்.