வாசிக்கிறவருக்கு மட்டும் சுக்குக் காப்பி

இன்று காலை சுக்கு தட்டினேன். முதல் தட்டிலேயே வாசம் எழும்பி, சரவணம்பட்டியில் உன் வீட்டு முன்னறைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. தும்மலும் வந்தது, கண்ணீரும் வந்தது. பழியைச் சுக்கின் மேல் போட்டுவிட்டேன்.

நம் சிற்றிதழுக்கு வரும் கதைகளை அந்த அறையில்தானே தேர்ந்தெடுத்தோம்? பெரிய பத்திரிகைகளின் படியேறத் தயங்கியவர்கள், ஏறித் திரும்பியவர்கள், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்துவிடுவார்கள். நீ வைத்த சட்டம் ஒன்றுதான். எழுதியவர் தன் கதையை வாசிக்கக் கூடாது. இன்னொருவர் வாசிப்பார், எழுதியவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். வாசிக்கிறவருக்கு மட்டும் சுக்குக் காப்பி. மற்றவர்கள் வாசம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாதா கோயில் காலைப் பூசையில் பைபிள் வாசகம் வாசித்துப் பழகிய குரல் உனக்கு. அதனால் பாதி நாள் காப்பி உனக்கே போனது. காப்பிக்காகத்தான் இந்தச் சட்டமே என்று உன்னைச் சீண்டுவேன்.

"இருந்துட்டுப் போகட்டும் அம்மணி," என்பாய். "நாக்கு தடுமாறுற எடத்துல எழுத்து பொய் சொல்லுது. அதைக் கண்டுபிடிக்கத் தொண்டை வேணுமல்லோ?"

சோமனூர்க்காரர் வந்த நாள்வரை நான் அதை நம்பவில்லை. தறிக்குடோனில் வேலை செய்கிற பெண். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர், ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். அவருடைய முதல் கதையை நீ வாசித்தாய். அடித்துவிட்டுப் போன கணவன் திரும்பி வருகிறான். 'அவள் மன்னித்தாள்' என்று கதை முடிகிறது. எளிய வரிதான். அதில் உன் நாக்கு தடுமாறியது. மறுபடி வாசித்தாய், மறுபடியும் தடுமாறியது. அப்போது அவர் சட்டத்தை மீறினார்.

"அவ மன்னிக்கலைங்க," என்றார், அன்றைக்கு மட்டும் மெதுவாக. "கதைன்னா அப்படித்தான் முடிக்கோணும்னு நெனச்சு எழுதிப்போட்டனுங்க."

நீ உன் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாய். அந்த வரி இல்லாமல்தான் கதை அச்சானது.

நீ கண்ணை மூடிய பிறகு நாங்கள் ஒரு ஞாயிறும் கூடவில்லை. "அவங்களோடவே நிறுத்திப்போடலாமுங்க, அதுதான் மரியாதை," என்றார்கள் நம் ஆட்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. உன் நாற்காலியில் வேறு யாரையும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதழ் அப்படியே நின்றுபோயிருக்கும். ஆனால் போன வாரம் சோமனூரிலிருந்து போன் வந்தது. காதிலிருந்து தள்ளிப் பிடித்துக் கேட்டேன்.

"ஏனுங்க, கிணத்துக்கடவுல ஒரு டீச்சரம்மா கதை எழுதி வெச்சுட்டு, எங்க குடுக்கறதுன்னு கேக்கறாங்க. நான் அவங்களை எங்கீங்க போகச் சொல்றது?"

"எங்க ஊட்டுக்கு வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது.

இன்று மாலை என் வீட்டில் கூடுகிறோம். டீச்சரின் கதைக்கு முன்னால் இந்த மடலை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. எழுதியவள் நான் என்பதால் நான் வாசிக்க முடியாது; உனக்கு எழுதினாலும் சட்டம் சட்டம்தான். சோமனூர்க்காரர் வாசிப்பார். காலையில் தட்டிய சுக்கு அவருக்காகத்தான்.

எல்லாம் எழுதிவிட்டேன், ஒரு வரி மட்டும் பாக்கி. நீ இல்லாவிட்டாலும் நம் இதழ் வரும்.

அந்த வரியில் அவர் நாக்கு தடுமாறக் கூடாதே என்று, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.