ஒன்பது கருத்துகளும் ஒரு பச்சைச் சட்டையும்

வியாழன், 6 நவம்பர்

விடிந்ததிலிருந்து மழை. குடை பல் கிளினிக்கில், என் மேசைக்கடியில். பிடோக்கிலிருந்து கிளமெண்டி வரை ஈரச் செருப்போடு நின்றே பயணம். யாரும் எழுந்து இடம் தரவில்லை, நாற்பது வயசுக்கு யார் தருவார்கள்.

வாங்க வேண்டியவை: கறிவேப்பிலை, கழிவறை பல்பு, அம்மாவின் முட்டித் தைலம்.

ரசிகர் மன்றத் தலைவர் தேவராஜ் அண்ணன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு போட்டிருக்கிறார். 'நெடுந்துறை' டிவி தொடருக்கு முப்பது வயதாம். ஒன்பது சீசன், நான்கு படம், விண்வெளியில் ஒரே ஒரு துறைமுகம், கப்பல் வருகிறது, கப்பல் போகிறது. இதற்குத்தான் எங்கள் இளமையைக் கொடுத்தோம். பதினாறாம் தேதி எங்கள் ரசிகர் மன்ற விழா, சமூக மன்றத்தில். அதில் 'பிரபலமாகாத கருத்துகள்' என்று ஓர் அங்கம். பெயர் போடாமல் எழுதலாம், ஹரிஷ் ஆன்லைனில் ஃபார்ம் போட்டிருக்கிறான். தே.அ. (இனி இப்படித்தான் எழுதுவேன், கை வலிக்கிறது) கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "யார் மனமும் புண்படாத வகையில்." எல்லாரும் தலையாட்டுகிற மாதிரியான பிரபலமாகாத கருத்து வேண்டும் அவருக்கு.

திரும்பி வரும்போது ரயிலிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். கிளமெண்டியில் ஏறி ஆரம்பித்தது, பாய லேபார் தாண்டுவதற்குள் ஒன்பது. இவ்வளவு நாள் எங்கே கிடந்தனவோ.

வெள்ளி, 7 நவம்பர்

வெயில், பிறகு மழை, பிறகு புழுக்கம். காலையில் ஒரு நோயாளி: "தினமும் ரெண்டு வேளை பிரஷ் பண்றேன்." டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் தெரிந்தது லட்சணம்.

ஃபார்மில் அனுப்பியதும் எல்லாம் அழிந்துவிட்டது. நகல் இல்லை. ஞாபகத்திலிருந்து:

1. தளபதி ரோவன் செத்தது தியாகம் இல்லை. ஆளில்லாப் படகு ஒன்று பக்கத்திலேயே சும்மா நின்றது. அதை அனுப்பியிருக்கலாம். செத்து எல்லாரையும் அழவைக்க ஆசை அந்த ஆளுக்கு. அந்தக் காட்சிக்கு மரியாதை என்று எழுந்து நின்று தோளில் கை வைக்கிற நம் மன்ற வழக்கம் அதைவிடக் கொடுமை.

2. எல்லாரும் திட்டுகிற ஏழாம் சீசன்தான் உருப்படி. போர் இல்லை. இஸ்கா தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டு, வராத பதிலுக்காகக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

3. புதுத் தளபதி பெண் என்பதுதான் எரிச்சல் என்றால் அதைச் சொல்லுங்கள். "ஸ்கிரிப்ட் சரியில்லை" என்று சுற்றி வளைக்க வேண்டாம்.

4. மூன்றாம் படம் குப்பை. முதல் நாள் தியேட்டரில் அழுதவர்கள் ஏசி குளிரில் அழுதார்கள்.

5. எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து போடுகிறவர் ரசிகர் இல்லை, பஜனை கோஷ்டி.

6, 7: சரியாக நினைவில்லை. இரண்டும் தே.அ.வின் மேடைப் பேச்சைப் பற்றி.

8. முதல் எபிசோடில் அந்தப் பச்சைச் சட்டைக்காரர் கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் போவாரே, அந்த ஒரு நிமிடத்துக்கு நான்கு படமும் ஈடாகாது.

9. மாதிரித் துறைமுகம் கட்டிச் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் கதையைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

ஒன்பதாவது வேண்டாம் என்று அனுப்பிய பிறகுதான் தோன்றியது. என் சிநேகிதி கலாவைத் தவிர யார் அப்படி? பதினோரு வருடமாக அட்டையும் பசையுமாகக் கட்டுகிறாள். சோபாவில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறாள். பதினாறாம் தேதி முதன்முதலாக வெளியே வைக்கப் போகிறாள். அதில் எனக்கு என்ன எரிச்சல்? பொறாமை. வேறென்ன. நானும் அவளும் ஒரே நாளில் பார்க்க ஆரம்பித்தோம். அவள் கையில் ஒரு துறைமுகம் இருக்கிறது, என் கையில் குழுவின் அட்மின் வேலை.

ஞாயிறு, 9 நவம்பர்

சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நடக்க இடமில்லை. வழக்கமான கடையின் மாடியில் விழாக் குழு. நான், கலா, தே.அ., ஹரிஷ், இன்னும் இரண்டு பேர். தோசை ஆறியிருந்தது.

தே.அ. வந்த கருத்துகளை போனில் பார்த்து வாசித்தார். "இசை இன்னும் கொஞ்சம் சத்தமாக இருந்திருக்கலாம்" ரகம். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னுடையது. ஏழு வரை வாசித்துவிட்டு நிறுத்தினார். முகம் கறுத்துவிட்டது.

"இது ரசிகர் எழுதுனது இல்ல. கூடவே உக்காந்து சாப்பிட்டுட்டு எழுதுன துரோகம்."

"அண்ணே, ரிலாக்ஸ் லா," என்றான் ஹரிஷ். இருபத்தாறு வயது, கூட்டத்தில் அவன் ஒருவன்தான் மனுஷன். "செக்‌ஷன் பேரே அன்பாப்புலர் ஒபீனியன். பாப்புலரா எழுதினா என்ன பாயிண்ட்?"

அவர் எட்டாவதை வாசித்தார். நான்காவது சொல்லிலேயே நின்றுவிட்டார்.

"பச்சைச் சட்டையா?"

எல்லாரும் கலா பக்கம் திரும்பினார்கள்.

துறைமுகப் பணியாளர் சட்டை நீலம். உலகத்துக்கே தெரியும். கலாவுக்கு மட்டும் பச்சை. ஈசூன் வீட்டில் அவள் அப்பா சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கிவந்த பழைய டிவியில் நிறம் கோளாறு, நீலமெல்லாம் பச்சையாகத்தான் தெரியும். அந்தப் பச்சையைச் சொல்லிச் சொல்லி இருபது வருடமாக அவளைக் கிண்டல் செய்கிறார்கள். இவர்களோ படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இடது கையில் இருந்த கோப்பை எப்படி வலது கைக்கு வந்தது என்று கண்டுபிடிக்கிற கூட்டம். ஒரு சொல் போதாதா?

"நான் எழுதல அண்ணே," என்றாள் கலா.

"ஒன்பதாவது உன்னையே திட்டியிருக்கு. யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு. அஞ்சாவது சீசன்ல உளவாளி இதைத்தான் செய்வான்."

"ஒன்பதாவது என்ன?"

வாசித்தார். சாப்பாட்டு மேசை வரை வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். அவரை இல்லை, என்னை. கோபமாகக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு, "நான் வரேன்," என்று இறங்கிப் போய்விட்டாள்.

அந்த டிவிக்கு முன்னால் தரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். நான் பக்கத்து வீட்டுப் பெண். எனக்கும் அது பச்சைதான், இன்றைக்கும். இது கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னதே இல்லை.

நான் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போடாத தேத்தண்ணி.

திங்கள், 10 நவம்பர்

மழை இல்லை. பல்பு மாற்றியாயிற்று.

மதியம் தே.அ. போன். "சுமதி, கலாவை குழுவிலேர்ந்து எடுத்துடுங்க. அந்த மாதிரித் துறைமுகமும் வேணாம். மேசைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"அண்ணே, அவளா இருக்காதுன்னு தோணுது."

"ஃபிரெண்டுன்னு பாக்குறீங்க. எனக்குப் புரியுது. ஆனா நீங்க அட்மின்."

எடுத்துவிட்டேன். பெயரை அழுத்து, 'நீக்கு', 'சரி'. மூன்று தட்டு. பல் பிடுங்கக்கூட இதைவிட நேரமாகும். அடுத்த நோயாளிக்கு டோக்கன் கொடுத்தேன்.

புதன், 12 நவம்பர்

அம்மா: "கலா ஏன் போனே பண்ணல? சண்டையா?" இல்லை என்றேன்.

கிளினிக்கில் என் மேசையில் ஒரு கோப்பை இருக்கிறது. 'நெடுந்துறை அறிவுப் போட்டி, முதல் பரிசு.' தினமும் அதில்தான் மைலோ. அதைப் பற்றி எங்கேயும் எழுதியதில்லை, இங்கேயாவது எழுதுகிறேன்.

மன்றத்தில் சேர்ந்த புதிது. கடைசிச் சுற்றில் கலாவும் நானும் சமம். முடிவுக் கேள்வி: பணியாளர் சட்டை என்ன நிறம்? ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். கலா பச்சை என்று எழுதினாள், வேறு நிறம் இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஒரு கடை ஜன்னலில் போஸ்டர் பார்த்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. நீலம் என்று எழுதினேன். கூடம் முழுக்க அவளைப் பார்த்துச் சிரித்தது. "எங்க வீட்டு டிவியில பச்சைதான்!" என்று கத்தினாள், 'நீயாவது சொல்லேன்' என்பதுபோல என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். சேர்ந்தே சிரித்தேன், சீ.

மைலோ குடிக்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

வெள்ளி, 14 நவம்பர்

அரை நாள் விடுப்பு. ஈசூன், கலா வீடு. அதே புளோக், அதே லிஃப்ட் நாற்றம்.

கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் உள்ளே போனேன். மேசை முழுக்கத் துறைமுகம். பாலங்கள், நங்கூரக் கைகள், விரல் நகத்தில் பாதி உயரத்துக்கு இருநூறு மனிதர்கள். முழுசாக இப்போதுதான் பார்க்கிறேன். எவ்வளவு அழகு! வயிறு எரிந்தது, உண்மையைச் சொன்னால்.

அவள் ஒரு மனிதனை இடுக்கியில் பிடித்து வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். பச்சை.

"விழாவுக்காக எல்லாரையும் நீலமா மாத்தியிருந்தேன்," என்றாள். "மூணு மாசம் ஆச்சு. இனிமே யாரும் பாக்கப் போறதில்ல. திருப்பி மாத்துறேன்."

"கலா, அத எழுதுனது நான்."

"தெரியும் லா. அந்த டிவி முன்னாடி வேற யாரு இருந்தா?"

"ஒன்பதாவது... ஏதோ கோவத்துல எழுதிட்டேன் டி."

"அத விடு. நான் கதை பாக்குறதில்லன்னு எழுதியிருக்க. ஏழாவது சீசன் யாரு உனக்குப் போட்டுக் காட்டினா? இந்த சோபாலதான, ரெண்டு பேரும் அழுதோம்."

மன்னிச்சிரு என்றேன்.

"எங்கிட்ட மன்னிப்பு வேணாம். அவங்ககிட்ட சொல்லு, எல்லாரு முன்னாடியும். அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வா."

அடுத்த மனிதனை எடுத்தாள். கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு, 16 நவம்பர்

காலையில் தூறல். கோப்பையைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். திருப்பிக் கொடுக்க.

சமூக மன்றக் கூடம். அறுபது பேர் இருக்கும், பாதிப் பேர் நீலச் சட்டை. துறைமுகம் வைக்க ஒதுக்கிய மேசையில் சாப்பாட்டுத் தட்டுகள், பீஹூனும் கறிபாப்பும். 'பிரபலமாகாத கருத்துகள்' அங்கம் வந்ததும் மைக்கை வாங்கினேன். மற்றக் கையில் கோப்பை.

"அந்த ஒன்பதையும் எழுதுனது கலா இல்ல. நான்."

தே.அ. மெதுவாக என் பக்கத்தில் வந்தார். கண் கலங்கியிருந்தது. நானும் மடச்சி, கோபமாக்கும் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா," என்றார் கூட்டத்திடம். "தோழி மேல விழுந்த பழியத் தன் தலையில போட்டுக்கிறாங்க. ரோவன் செஞ்சது வேற என்ன?"

"அண்ணே, நெசமாத்தான் சொல்றேன். அந்த டிவியில நானும் பாத்தேன். எனக்கும் அது பச்சைதான்!"

"சுமதி, நீங்க பச்சைன்னு ஒரு நாளாவது சொல்லி நாங்க கேட்டதில்லயே. நீலம்னு எழுதி கப் ஜெயிச்சவங்க நீங்க. கையிலயே வச்சிருக்கீங்க பாருங்க."

சிரிப்பு. ஹரிஷைப் பார்த்தேன். "ஃபார்ம்ல பேரு, ஈமெயில் ஒண்ணுமே கலெக்ட் பண்ணல அக்கா," என்றான் பாவமாக. "புரூவ் பண்ண முடியாது. சாரி."

ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒப்பித்தேன். ஆறிலும் ஏழிலும் தடுமாறினேன். "பாவம், மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்க லா," என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது.

நாற்காலிகள் நகர்ந்தன. முதலில் தே.அ. நின்ற இடத்திலேயே, பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று, வலது கையை இடது தோளில் வைத்தார்கள். எனக்கு. அறுபது பேர். "ஐயோ, உக்காருங்க!" என்று கத்தினேன். அதற்கும் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். ஏசி குளிர்தான்.

கோப்பையை பீஹூன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். யாரோ ஓடிவந்து, "அக்கா, மறந்துட்டீங்க," என்று பஸ் நிறுத்தத்தில் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் கலாவின் மெசேஜ்: "சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில்: "எழுந்து நின்னு தோள்ல கை வச்சாங்க."

டிக் இரண்டும் நீலமாயின. பிடோக் வந்துவிட்டது, பதில் இல்லை.