குளியலறைக் குழியில் நீர்யானை

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகள் தாரிகாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே போன கிழமை பிடித்த மழை இன்னும் விடவில்லை, பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், அப்பா ரேடியோவை விட்டு அசைகிறாரில்லை.

நீ அனுப்பிய மிருகப் படப்புத்தகங்கள் கொட்டாஞ்சேனையில் என் இரண்டாம் வகுப்பையே மாற்றிவிட்டன. வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்று படுக்கிற பிள்ளைகள்கூட நான் நீ என்று முண்டியடிக்கிறார்கள். குளியலறையில் தண்ணீர் போகும் குழியால் நீர்யானை ஏறி வருகிற புத்தகம் என்றால் அவர்களுக்கு உயிர். கடைசிப் பக்கத்தைத் திருப்பமுன் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு வந்த மிருகத்தைப் பற்றி ஒரு பொய் சொல்ல வேண்டும், நல்ல பொய்க்கு நட்சத்திரம் ஒட்டுவேன், இது நான் வைத்த விளையாட்டு. பள்ளி மூடுவதற்கு முதல்நாள், கொலன்னாவையிலிருந்து வருகிற டிலுக்ஷி எழும்பி, "எங்க பாத்ரூம் குழியில குளுகுளுன்னு சத்தம் கேக்குது டீச்சர், அம்மா அது மேல கல்லு வச்சிருக்காங்க" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும்தான். அது நீர்யானைதான், கல்லை எடுத்துவிடு, பாவம் வரட்டும் என்று சொல்லி நட்சத்திரத்தையும் ஒட்டினேன். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, அதை நான் கவனத்தில் எடுக்கவில்லை.

இன்று காலை எங்கள் ஷஹீமா டீச்சர் போனில் கதைத்தபோது இதைப் பகிடியாகச் சொன்னேன். அவர் கொலன்னாவைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், சிரிக்கவே இல்லை. அங்கே வெள்ளமென்றால் ஆற்றுத் தண்ணீர் வாசலால் வருவதற்கு முன் குழியால்தான் வருமாம், அந்தச் சத்தம் கேட்டால் பழைய ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். உடனே டிலுக்ஷியின் தாய் மயிலம்மாவுக்குப் போன் எடுத்தேன். இந்த வருடம்தான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய சனங்கள், அவர்களுக்கு இது எங்கே தெரியும். எலி என்று நினைத்துத்தான் கல் வைத்தாளாம். புருஷன் வேலையால் வரும்வரை கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கச் சொல்லியிருக்கிறானாம். "நீங்க சொன்னீங்கன்னு இவ கல்ல எடுத்துட்டா டீச்சர், நீர்யானை வரும்னு பாத்ரூம் வாசல்லயே ஒக்காந்திருக்கா" என்று சிரிக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போ என்று கத்தினேன், பாதியில் லைன் அறுந்தது. இப்போது மணியே போகவில்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்தால் எந்நேரமும் எங்கேஜ்.

அந்தப் பக்கம் போக எந்த ஆட்டோவும் சம்மதிக்கவில்லை. அப்பாவைக் களுபோவிலை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் தன் ஆட்டோவில் கூட்டிப்போகிற ஜவாத் ஒருவன்தான், போகிற மட்டும் போய்ப் பார்ப்போம் என்று வாசலில் நிற்கிறான். "இந்த முழங்காலோடை எங்கை போகப்போறீர்" என்று அப்பா பேசுகிறார். என் வாயால் சொன்னதை நம்பித்தான் அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறது மகள், வேறு ஆர் போய்க் கூப்பிட்டாலும் எழும்பாது.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அப்பாவின் பிரஷர் குளிசை அலுமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, இதை இப்போதே போனில் படமெடுத்து அனுப்புகிறேன், கண்டதும் இன்று நீயே போன் பண்ணி அவருக்கு ஞாபகப்படுத்து. எனக்கு எடுக்காதே. மயிலம்மா எடுத்தால் லைன் கிடைக்க வேண்டும்.

என்றும் உன்
அம்மா